சொட்டு மருந்து மட்டும்தானா?

கேள்வி: தாதியப் பயிற்சி முடித்த எனக்குக் கண் விடுதியில் வேலை. "சொட்டு மருந்து விடுறதுக்கு மூண்டு வருசப் படிப்போ?" என்று வீட்டில் பகிடி பண்ணுகிறார்கள். என்ன சொல்ல?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அந்தச் சொட்டையே அவர்கள் ஒழுங்காக விடட்டும் பார்ப்போம்! கீழிமையை மெல்ல இழுத்து, அந்த மடிப்புக்குள் ஒரேயொரு துளி. குப்பியின் நுனி கண்ணில் முட்டக்கூடாது. பிறகு மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. வெண்புரைச் சத்திரசிகிச்சை என்றால் எந்தக் கண் என்று திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பில் வரும்.

வன்னியில் இன்னும் உண்டு. சூடடிக்கும் காலத்தில் நெற்சுணை குத்திய கண்ணோடு வருவார்கள். சிலர் அதற்குமுன் தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டிருப்பார்கள். "என்ன விட்டனீங்கள், ஐயா?" என்று ஏசாமல் கேட்டால்தான் உண்மை வரும். பூஞ்சணம் புகுந்த கருவிழிப் புண்ணா என்று வைத்தியர் யோசிக்க அந்தப் பதில் வேண்டும். போர்க்கால ஷெல் துண்டு உடம்பில் இருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். 2009இல் முடிந்த போர்தான். ஆனால் கண்ணுக்குள் உலோகத் துகள் இருப்பவரை எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால், அது அசைந்து பார்வையையே பறித்துவிடலாம்.