777 என்னும் குறுக்குவழி

இணையச் சர்வர் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்களுக்கு நேரும் சங்கடங்களில், நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் ஒன்று, இயந்திரத்தை மாற்றிய மறுநாளே 403 என்றோ 500 என்றோ வெறும் எண்ணைத் திரையில் காட்டிவிட்டு நின்றுபோவதைப் போல மனத்தைக் கலக்குவது வேறொன்றில்லை. அந்தக் கலக்கத்தில் பெரும்பாலோர் உடனே செய்கிற காரியம் கோப்புக்கு 777 என்ற அனுமதியை அளித்துவிடுவது. அது கூடவே கூடாது என்று இளம் நிர்வாகிகளிடம் நான் விடாமல் சொல்லி வருவதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. இவற்றைக் கூட்டி வரும் மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கும், இரண்டாவது குழுவுக்கும், மூன்றாவது மற்ற யாவருக்கும் உரியது. ஆகவே 777 என்பது, அந்த இயந்திரத்தில் இயங்கும் எந்தக் கணக்கும் அந்தக் கோப்பில் தன் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம் என்று நாமே எழுதிக்கொடுக்கும் சாசனம். அபாயம் இருக்கட்டும், காரியமாவது ஆகிறதா என்றால் அதுவும் நிச்சயமில்லை. அப்பாச்சியில் சூ-எக்ஸெக் என்னும் காவல் ஏற்பாடு அமலில் இருந்தால், உரிமையாளர் அல்லாதவர் எழுதக்கூடிய ஸ்கிரிப்டை அது இயக்கவே மறுத்துவிடும்.

முதலில் பார்க்கவேண்டியது எரர் லாக். உலாவியில் தெரியும் எண் வெளியாருக்கு. நிர்வாகிக்கு உரிய செய்தி, டெபியன், உபுண்டு இயந்திரங்களில் /வார்/லாக்/அப்பாச்சி2 என்ற டைரக்டரியிலும், ரெட் ஹாட் வகையில் /வார்/லாக்/ஹெச்டிடிபிடி என்பதிலும் காத்திருக்கிறது. ஒரு சிறு பதிப்பகத்தார் புத்தக ஆர்டர் பெறுவதற்கு வைத்திருந்த பழைய பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்று, புதிய உபுண்டு சர்வருக்குக் குடிபெயர்ந்தபின் 403 காட்டியது. கோப்பும் அதன் டைரக்டரியும் 755 என்று சரியாகவே இருந்தன. ஆனால் லாக்கோ, பாதையின் ஏதோ ஒரு பகுதியில் தேடும் அனுமதி இல்லை என்று தெளிவாகச் சொல்லிற்று. டைரக்டரிக்கு இயக்கும் அனுமதி என்பது அதனூடே கடந்து செல்லும் அனுமதி என்பதையும், ரூட்டிலிருந்து கோப்பு வரையில் ஒவ்வொரு டைரக்டரியும் அதை வழங்கவேண்டும் என்பதையும் நினைவில் கொண்டால் இந்த வாசகம் விளங்கிவிடும். 'நேம்-ஐ' என்ற கட்டளையை '-எல்' சேர்த்து, முழுப் பாதையையும் கொடுத்து இயக்கியபோது, ஒவ்வொரு படியும் ஒரு வரியாக வந்து நின்றது: ரூட் 755, ஹோம் 755, அதற்கடுத்த பயனரின் டைரக்டரி மட்டும் 750. உபுண்டு 21.04 முதற்கொண்டு புதிதாகப் படைக்கப்படும் பயனர் டைரக்டரிகள் இப்படி மூடியே வைக்கப்படுகின்றன. அது நல்ல ஏற்பாடு. அதைத் திறந்துவிடாமல், ஸ்கிரிப்டையே ஸி.ஜி.ஐ.க்கென்று உள்ள பொது டைரக்டரிக்கு மாற்றச் செய்தேன்.

மாற்றியபின் 403 மறைந்து 500 தோன்றியது. இம்முறை லாக்கில், கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் குறித்து 'அப்படியொரு கோப்போ டைரக்டரியோ இல்லை' என்ற வாசகம். புதியவர்களை மிகவும் திகைக்கச் செய்வது இதுதான். 'கேட்' கட்டளையை '-ஏ' சேர்த்து இயக்கிப் பார்த்தால் உண்மை பிரத்தியட்சமாகத் தெரியும்: ஒவ்வொரு வரியின் முடிவிலும், டாலர் குறிக்கு முன்னால், கூரைக்குறியும் 'எம்' எழுத்தும். விண்டோஸில் திருத்திச் சேமித்ததால் வந்து ஒட்டிக்கொண்ட அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் சேர்த்து, முதல் வரியில் சொல்லப்பட்ட பெர்லின் பெயராகக் கருதி, அப்படியொரு பெர்லைத் தேடிக் காணாமல்தான் கெர்னல் கைவிரித்தது. 'டாஸ்2யூனிக்ஸ்' கொண்டு வரிகளைச் சுத்தம் செய்ததும் ஆர்டர் படிவம் திறந்தது. இத்தகைய சோதனைகளை ரூட்டாக நின்று செய்வதில் பயனில்லை, ரூட்டுக்கு ஏறக்குறைய எல்லாக் கதவுகளும் திறக்கும். 'சூடோ -யு' மூலம் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.-டேட்டா என்ற சர்வரின் கணக்கிலேயே ஸ்கிரிப்டை இயக்கிப் பார்ப்பதுதான் முறை.

ஸ்கிரிப்ட் ஓடாமல் அதன் மூலவரிகளே உலாவியில் எழுத்துக்களாகத் தோன்றினால், அனுமதியைத் தொடவேண்டாம். அமைப்புக் கோப்பில் 'எக்ஸெக்-ஸிஜிஐ' விருப்பமும் ஹேண்ட்லர் வரியும் உண்டா என்று பார்க்கவேண்டும். அவற்றை 'ஹெச்டி-ஆக்ஸஸ்' கோப்பில் எழுதியும் விளைவில்லையானால், 'அலவ்-ஓவர்ரைடு' என்பது 'நன்' என்றே இருக்கக்கூடும், அப்பாச்சி 2.4-இல் இயல்பான நிலை அதுவே. எதை மாற்றினாலும் 'கான்ஃபிக்-டெஸ்ட்' செய்து, சரி என்ற பதில் வந்தபிறகே சர்வருக்கு ரீலோடு கொடுப்பது என் வழக்கம்.

ரெட் ஹாட் வகை இயந்திரங்களில் இன்னும் ஓர் அடுக்கு இருக்கிறது. எண்கள் யாவும் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், 'எல்எஸ்' கட்டளையோடு பெரிய 'இசட்' சேர்த்து எஸ்.இ.லினக்ஸ் முத்திரையைப் பார்க்கவேண்டும்; பயனர் டைரக்டரியிலிருந்து 'எம்வி' செய்த கோப்பு பழைய முத்திரையையே சுமந்து வரும், 'சிபி' செய்த கோப்போ பொதுவாகப் புதிய இடத்தின் முத்திரையைப் பெறும். எஸ்.இ.லினக்ஸையே அணைத்துவிடுகிறவர்கள் 777 கொடுப்பவர்கள் செய்வதையே வேறு வடிவில் செய்கிறார்கள். 'ரீஸ்டோர்-கான்' என்ற ஒரே கட்டளை பெரும்பாலும் போதும். இடம் வழக்கத்துக்கு மாறானதாயின், 'எஸ்இ-மேனேஜ்' கொண்டு அந்தப் பாதைக்குரிய விதியை முன்னதாகப் பதிந்துவிட்டு இதை இயக்கினால், பின்னொரு நாள் முழு இயந்திரத்துக்கும் முத்திரை புதுப்பிக்கப்படும்போதும் அது மாறாமல் நிற்கும்.