தெற்கே நிற்கும் அகத்தியர்

சிவாலய ஓட்டம் ஓடும் அடியவர்கள் மூன்றாவது தலமான திற்பரப்பு, நான்காவதான திருநந்திக்கரை, ஐந்தாவதான பொன்மனை என்று குலசேகரத்தைச் சுற்றியேதான் செல்வார்கள். காவி உடுத்து, கையில் விசிறியோடு, ‘கோவிந்தா... கோபாலா...’ என்று அவர்கள் ஓடும் அந்த மாசி மாதத்தில், இரவு எட்டு, ஒன்பது மணி வாக்கில் தெற்கு வானத்தைப் பாருங்கள். அங்கே நின்று ஒளிர்பவர் அகத்திய மாமுனிவர்!

அகத்திய நட்சத்திரத்தை விஞ்ஞானிகள் ‘கனோபஸ்’ என்பார்கள். இரவு வானில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் இது. சூரியனைப் போல் சுமார் 70 மடங்கு அகலம். இதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 310 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நீங்கள் காணும் ஒளி, மார்த்தாண்ட வர்மர் சிறுவனாக இருந்த காலத்தில் புறப்பட்டது!

கயிலையில் சிவ-பார்வதி திருமணத்தின்போது வடக்கு தாழ, பூமியைச் சமன் செய்ய இறைவன் அகத்தியரைத் தெற்கே அனுப்பிய கதை நாம் அறிந்ததே. அவர் வந்து தங்கிய பொதிகை மலை குலசேகரத்துக்கு வடக்கே இருக்கிறது. நட்சத்திரமோ நேர் தெற்கே! அவர் பெயராலேயே அகஸ்தீஸ்வரம் என்ற ஊரும் இம்மாவட்டத்தில் உண்டு.

எப்படி அடையாளம் காண்பது? வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரிகின்றன அல்லவா, அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் பளீரென்று சிரியஸ் தெரியும். வானிலேயே முதல் பிரகாசம் அதற்குத்தான். அங்கிருந்து நேர் கீழே தெற்கு நோக்கி இறங்குங்கள். அடுத்த பிரகாசமானவர் அகத்தியர். தென்னை மரமோ அடுக்குமாடியோ மறைத்தால் மொட்டை மாடிக்குப் போவதே நல்லது.

அகத்தியருக்கு அர்க்கியம் விடும் வழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைகாசி முடிவில் மாலை வெளிச்சத்தில் மறையும் இவர், நம் குமரி மாவட்டத்தில் ஆடி மாதமே விடியலுக்கு முன் தென்கிழக்கில் உதித்துவிடுவார். டெல்லியிலோ ஆவணி பாதிக்கு மேல்தான். வடக்கே போகப் போக உதயம் தாமதம். வராகமிகிரரும் ‘பிருகத் சம்ஹிதை’யில், ஊருக்கு ஊர் உதயத்தைக் கணக்கிட்டே அர்க்கியம் தர வேண்டும் என்கிறார். எனவே வட இந்தியப் பஞ்சாங்கத் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தையும் வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1964-ல் செவ்வாய்க்குப் புறப்பட்ட ‘மரைனர் 4’ விண்கலம்கூட இந்த நட்சத்திரத்தைக் குறியாக வைத்துத்தான் தன் நிலையைச் சரிபார்த்துக்கொண்டது. லண்டனில் இருக்கும் மகளிடம் மட்டும் ‘அகத்தியரைப் பார்த்தாயா?’ என்று போனில் கேட்காதீர்கள். அங்கே அவர் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. ஊருக்கு வரும்போது நீங்கள்தான் காட்ட வேண்டும்!