வேகமும் திறனும்

விமானப் பந்தயத்தில் விரைவுமிக்கதே வெல்லுமென நாம் எண்ணுதல் இயல்பு. இங்கிலாந்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1922-இல் ஏற்படுத்திய 'அரசர் கிண்ண'ப் பந்தயத்தின் விதியோ வேறு. ஒவ்வொரு விமானத்தின் வேகத்தையும் முன்னரே கணக்கிட்டு, மெல்லச் செல்வதை முதலிலும் விரைந்து செல்வதை இறுதியிலும் புறப்பட விடுவர். கணக்குப் பிழையாதாயின் யாவும் ஒருங்கே எல்லையை எய்தும். ஆதலின், திருப்பக் கம்பங்களை ஒட்டி வளைந்து, காற்றின் போக்கறிந்து செலுத்துவோனே முந்துகின்றான்.

இரண்டாம் உலகப் போரால் நின்றிருந்த இப்பந்தயம் 1949-இல் மீண்டும் தொடங்கிற்று. 1950-இல் வுல்வர்ஹாம்ப்டனில், இளவரசி மார்கரெட் சார்பில் பீட்டர் டவுன்சென்ட் செலுத்திய ஹரிக்கேன் போர் விமானம் இரண்டாவதாகவே வந்தது. அதனை வென்றது, 130 குதிரைச் சக்தியே உடைய, மரத்தாலாய மைல்ஸ் பயிற்சி விமானம்!

அவரவர்க்கு வாய்த்த ஆற்றலை அளந்து, அதனை முற்றும் பயன்படுத்தினோரைப் போற்றுதலே நீதியென மாணவராகிய நாம் இதனால் அறிகின்றோம்.