தொழிற்பாடம்: பழைய மோட்டார் சைக்கிள் ஆசனத்துக்கு ரிவெட் தேடுவதும் அடிப்பதும்



ஒரு காலத்தில் துரைமாரும் உத்தியோகத்தர்களும் ஓட்டிய பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்கள் சில, கை மாறிக் கை மாறி நமது லயத்து வாசலுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. 1948இல் வெளிவந்து 1971 வரை தயாரிக்கப்பட்ட பீ.எஸ்.ஏ. பெண்டம் அந்த வகையைச் சேர்ந்தது. முதலில் வந்த 123 சீ.சீ. வண்டியில் ஸ்பிரிங் வைத்த ஒற்றை ஆசனம்தான் இருந்தது. இத்தகைய பழைய ஆசனங்கள் பலவற்றில் மேலே தோல் அல்லது ரெக்சின், நடுவில் கம்பளி மெத்தை, அடியில் ஸ்பிரிங், சுற்றிலும் இரும்புச் சட்டம் இருக்கும். தோலைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை சின்னச் சின்ன ரிவெட் ஆணிகள். தறையாணி என்றும் சொல்வார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படி ஒரு வண்டி வைத்திருந்தார். ஆசனத்தின் பின்பக்கத்தில் இரண்டு ரிவெட் விட்டுப் போயிருந்தன. டவுனில் ஒரு கராஜில் பத்து நிமிடத்தில் வேறு ஆணி அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மலைப் பாதையின் வளைவில் தோல் முழுக்கக் கிழிந்து, ஆள் பின்னால் சரிந்து, கை ஹேண்டிலை விட்டுவிட்டது. விழுந்தது கானுக்குள் என்பதால் உயிர் தப்பினார். ஆனால் மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் பேர் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு வியாபாரி, "சீட்டே போச்சு, பழைய இரும்பு விலைக்குக் குடு" என்று கேட்டார். நல்ல வேளை, அம்மா கொடுக்க விடவில்லை. அந்த ஆசனத்தைப் பின்னர் சரியாக்கிய முறையைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

ஏன் கிழிந்தது?

அந்தக் கராஜில் அடித்தது பாப் ரிவெட். பின்பக்கம் கை எட்டாத மெல்லிய தகடுகளைச் சேர்ப்பதற்கு அது நல்லது. தோலுக்கு அது சரிவராது. அதன் பிடி சிறியது. நாம் உட்காரும்போதும் குலுங்கும்போதும் தோல் இழுபடும். ஓட்டை பெரிதாகி ஆணி கழன்றுவிடும். ஒன்று விட்டால் அதன் பாரம் பக்கத்து ஆணிக்குப் போகும். அதுவும் விடும். பிறகு வரிசையாக எல்லாம் போகும். ஆகவே ஒரு ஆணி ஆடும்போதே கவனிக்க வேண்டும்.

எந்த ரிவெட்? எங்கே கிடைக்கும்?

செம்பு அல்லது பித்தளை ரிவெட் நல்லது. கவ்வாத்துக் கத்தியில் தேயிலைச் சாறு பட்டால் கறுத்துப் போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? பதனிட்ட தோலிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. ஈரத்தோடு இரும்பு ஆணி சேர்ந்தால் அந்த இடம் கறுக்கும். நமது மலையின் மழைக்கும் மிஸ்டுக்கும் அந்த ஆணி சீக்கிரம் துருப்பிடித்துத் தோலையும் கெடுக்கும்.

தேடும் இடங்கள் மூன்று. முதலாவது, லொறி பிரேக் லைனிங் மாற்றும் கடை. அங்கே உட்புறம் குழாய் போன்ற பித்தளை, செம்பு ரிவெட்கள் இருக்கும். தலை சிறியது என்பதால் தோலின் மேல் ஒரு வொஷர் வைக்க வேண்டும். இரண்டாவது, சப்பாத்து, பை, சூட்கேஸ் திருத்துபவர்கள். மூன்றாவது, ஹாட்வெயார் கடையில் வொஷரோடு விற்கும் செம்பு ரிவெட். பெக்டரியில் பெல்ட் மூட்டிய பழைய செம்பு ரிவெட் கிடந்தாலும் உதவும். ஆனால் உரியவரிடம் கேட்காமல் ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய ஆணி ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். சட்டத்தில் பெரிதாகாத ஓட்டை ஒன்றில் டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். இறுக்கமில்லாமல் நுழையும் மிகப் பெரிய பிட் எதுவோ, அதுதான் ஆணியின் பருமன். நீளத்துக்குத் தோல், சட்டம், வொஷர் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். குழாய் ரிவெட் என்றால் அதற்கு மேல் பருமனில் முக்கால் பங்குக்குக் கிட்ட நீண்டிருந்தால் போதும். வொஷரோடு வரும் செம்பு ரிவெட் என்றால் வொஷருக்கு மேல் 2 மில்லிமீற்றர் விட்டு மிச்சத்தை வெட்ட வேண்டும்.

செய்யும் முறை

1. ஆசனத்தை வண்டியிலிருந்து கழற்றுங்கள். ஆணிகள் எத்தனை, எங்கெங்கே என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

2. பழைய ஆணியின் வால் பக்கத்தை அரத்தால் தேய்த்துத் தட்டி எடுங்கள். உளி வைத்து ஓங்கி அடித்தால் சட்டம் வளையும், ஓட்டை பெரிதாகும். கண்ணாடி போடாமல் இந்த வேலை வேண்டாம். தூள் கண்ணில் பறக்கும்.

3. சட்டத்தின் துருவைச் சுரண்டி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிறகு பிரைமரும் பெயின்டும் பூசி நன்றாகக் காய விடுங்கள். செம்பும் வெறும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக் கொண்டிருந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். பெயின்ட் அதைத் தடுக்கும்.

4. மெத்தை போயிருந்தால் பழைய கம்பளியை மடித்துத் தைத்து வைக்கலாம்.

5. புதுத் தோலை முதலில் மூக்குப் பக்கம் பொருத்துங்கள். பிறகு பின்பக்கத்தின் நடு, அதன் பின் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒரே பக்கமாகப் போனால் தோல் கோணும். ரிவெட் அடிக்கும் முன் மூன்று நான்கு சின்ன போல்ட் நட்டுப் போட்டுப் பிடித்துக் கொண்டால் வேலை சுலபம்.

6. தோலில் ஓட்டையைப் பஞ்ச் வைத்துப் போடுங்கள். ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினால் அந்த இடம் கருகி விறைத்து, பிறகு வெடிக்கும். ஓரத்திலிருந்து ஆணியின் பருமனைப் போல் இரண்டு மடங்காவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும்.

7. ரிவெட்டின் தலை வெளியே, வால் உள்ளே. தலையை ஒரு கனமான இரும்பின் மேல் வைத்து, உள்பக்கம் வொஷர் போட்டு, வாலைச் சிறு சிறு அடியாக விரியுங்கள். குழாய் ரிவெட்டுக்கு, நுனியை உருண்டையாக அராவிய ஒரு போல்ட்டே நல்ல பஞ்ச். ஒரே அடியாக அடித்தால் வால் பிளந்துவிடும். பிளந்ததை விட்டு வைக்காமல் எடுத்துவிட்டு வேறு அடியுங்கள்.

8. எல்லாம் முடிந்ததும் தோலை இழுத்துப் பாருங்கள். ஆணி ஆடக் கூடாது. முதலில் சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ஆணிகளை மறுபடியும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை

இந்தப் பாடம் தோலைப் பிடிக்கும் ரிவெட்டுக்கு மட்டும்தான். ஆசனத்தை வண்டியோடு சேர்க்கும் மூக்கு போல்ட், ஸ்பிரிங், அதன் பிடிகள் பழுதென்றால் நாமே பரீட்சித்துப் பார்க்காமல் கைதேர்ந்த பாஸிடம் கொடுக்க வேண்டும்.

பழைய ஆசனச் சட்டத்தை இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக் கொள்கிறோம். கிழிந்த தோலை மாற்றலாம். அந்த வண்டிக்கே உரிய சட்டம் போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். அந்தத் தம்பி இப்போது அதே ஆசனத்தில்தான் போய் வருகிறார். ஆணிகள் ஒவ்வொன்றையும் அவரே அடித்தார். நமது பிள்ளைகளுக்கும் இந்தக் கைவேலையைப் பக்கத்தில் இருத்திக் காட்டிக் கொடுப்போம். பை, சப்பாத்து, பெல்ட் எல்லாவற்றுக்கும் இதே ரிவெட் வேலைதான். தெரிந்து வைத்தால் நாளைக்கு ஒரு பிழைப்புக்கும் வழியாகும்.