படகின் அடியும் கடலின் உயிரும்

படகுடையோர் பலர், தம் கலம் சிறிதாதலின் அதனாற் கடலுக்குத் தீங்கொன்றும் நேராதெனக் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமோவென ஓர் உண்மை வரலாறு கொண்டு நாம் ஆராய்வோமாக.

பிரான்சு தேசத்தின் தென்மேற்குக் கரையில் ஆர்க்கஷோன் என்னும் விரிகுடா உளது. ஆங்குச் சிப்பி வளர்ப்பே பலர்க்குப் பிழைப்பு. 1977ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் சிப்பிக் குஞ்சுகள் பெரும்பாலும் தோன்றாதொழிந்தன. வளர்ந்தவற்றின் ஓடுகளோ தடித்து உருத்திரிந்தன. காரணம் யாதென ஆராய்ந்த அறிஞர், அங்கு நின்ற உல்லாசப் படகுகளின் அடியிற் பூசிய வர்ணமே எனக் கண்டனர். பாசியும் கொட்டலசும் பற்றாதிருத்தற்பொருட்டு அதிற் சேர்த்த டிரைபியூட்டைல் டின் என்னும் நச்சுப்பொருள் சிறிது சிறிதாக நீரிற் கரைந்தது. ஒரு லிட்டர் நீரில், ஒரு கிராமின் நூறு கோடியிற் சில பங்கே இருப்பினும் அது சிப்பியைக் கெடுக்க வல்லது.

1982இல் பிரெஞ்சு அரசினர் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அவ்வர்ணத்தை விலக்கினர். அதன்பின் சில ஆண்டுகளிற் சிப்பிக் குஞ்சுகள் மீண்டும் தோன்றின. அந்நஞ்சை உலகக் கப்பல்களினின்றும் விலக்கும் உடன்படிக்கை 2001இல் எழுந்து, 2008இல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய வர்ணங்கள் பலவற்றிற் செம்பு உளது. அதுவும் மிகுந்தால் நீர்வாழுயிர்க்குக் கேடே. ஆதலின், படகின் அடியைச் சுரண்டுவோர் அதனைக் கரையேற்றி, கீழே துணி விரித்து, விழுந்த தூளைத் திரட்டி, நச்சுக்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்புவித்தல் வேண்டும். படகினுள் தேங்கும் எண்ணெய் கலந்த நீரை அப்படியே கடலில் இறைக்கலாகாது. பிளாஸ்டிக்கைக் கடலில் எவ்விடத்தும் எறியலாகாதென்னும் சர்வதேச விதியும் 1988ஆம் ஆண்டின் இறுதி முதல் நடந்து வருகின்றது.

கலம் சிறிதே, கலங்களோ பல. சிறியோர் பலர் செய்த தீங்கு ஒரு விரிகுடாவைக் கெடுத்தது. அவர் அதனைவிட்டபோது அது பிழைத்தது. இவ்விரண்டையும் நாம் மறவாதிருப்போமாக.