மொட்டைத் தலையும் அன்பான கணவனும்

கேள்வி: இப்போதைய திகில் படங்களில் பேய் நல்லதாக இருக்கிறது, பாதிப் படம் சிரிப்பாகவும் போகிறது. பிறகு பயம் எப்படி வரும்?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: பயம் அங்கேதான் பிறக்கிறது. உங்கள் பக்கத்துக்காரர்கள் இதை 1984-லேயே செய்து காட்டினார்கள். சூலூர் மணிவண்ணன் இயக்கிய ‘நூறாவது நாள்’ படத்தில், கோவைக்காரரான சத்யராஜ் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வந்து குலைநடுங்க வைத்தார். ஆனால் படத்தின் உண்மையான விஷம் அன்பான கணவனாக வரும் மோகனிடம் இருந்தது. மைக் பிடித்துக் காதல் பாட்டுப் பாடிப் பழகிய முகம் அது! நம்பிய முகமே கொலைகாரனாக மாறினால், படம் முடிந்தாலும் பயம் விடுவதில்லை.

சிரிப்பின் வேலையும் இப்படி முதலில் நம்மை நம்ப வைப்பதுதான். ‘காஞ்சனா’வில் (2011) லாரன்ஸ் பயந்துபோய் அம்மா கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறுகிறார், தியேட்டரே சிரிக்கிறது. அப்படி இளகிய மனத்தில்தான் சரத்குமார் நடித்த, பேயாகத் திரும்பும் திருநங்கையின் கதை ஆழமாகத் தைக்கிறது. அங்கே கொடியவர்கள் நிலத்துக்காகக் கொலை செய்த மனிதர்கள். நியாயம் பேயின் பக்கம். பின்னால் வந்த பல படங்கள் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வலியை விட்டுவிட்டன. உங்கள் சலிப்புக்கு அவைதான் காரணம். சலிப்புத் தீர ‘பீட்சா’வை (2012) இன்னொரு முறை பாருங்கள், கதை சொல்பவன் மீதே சந்தேகம் வரும்.