கசப்பில் தொடங்கும் போஜனம்

கேள்வி: ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் ஐந்தே நிமிஷத்தில் சாப்பிட்டு முடிக்கிறேன், வயிறு கனக்கிறதே தவிர, திருப்தியில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஹவுரா

பதில்: வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்ட ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகுமென்று வைத்தியர்கள் சொல்லுகையில், அதற்குள் கைகழுவிவிடுகிற தங்களுக்குத் திருப்தி எங்ஙனம் கிட்டும்? தங்கள் அண்டை வீட்டு வங்காளியர் விருந்துண்பதைக் கவனியுங்கள்: சுக்தோ என்னும் கசப்பான காய்கறிக் கூட்டில் தொடங்கி, பருப்பு, மீன், சட்னி, இனிப்பு என்று ஒன்றை ருசித்து முடித்த பின்னரே மற்றொன்றைத் தொடுகிற அந்தக் கிரமம், சாம்பாரையும் பொரியலையும் ஒரே கவளமாக நாம் விழுங்குவதைக் காட்டிலும் (நம்மவர் கோபிக்கவேண்டாம்) மேலானதென்பது என் அபிப்பிராயம். தங்கள் ஊர்ப்பக்கம், விவேகானந்தர் ஸ்தாபித்த பேலூர் மடத்தில், சந்நியாசிகள் கீதை சுலோகம் சொல்லிய பிறகே அன்னத்தைத் தொடுவர். தாங்கள் சுலோகம் சொல்லாவிடினும், செல்போனை அப்புறப்படுத்திவிட்டு, சற்று நிதானித்து, மென்று உண்ணுங்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டால், மீதியை டிபன் பாக்ஸில் கட்டிக்கொள்ளலாம்.